‘நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்’... பெரியவர்களை முடக்குவது வயதா, ஓய்வா?

“யாருக்கும் பாரமா இல்லாம, கை கால் நல்லா இருக்கும்போதே போயிடணும்.”

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாப்பிலோ கோயில் வாசலிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ ஒரு பெரியவரிடம் அஞ்சு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், இந்த வார்த்தை வந்துவிடும். நூறு வயசு வரைக்கும் இருக்கணும் என்று அவர்கள் கேட்பதில்லை. படுக்கையில் விழாமல் இருக்கணும், பாத்ரூமுக்கு யார் கையையும் பிடிக்காமல் போய் வரணும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அதே வீட்டுக்குள் கேட்கும் இன்னொரு வார்த்தையும் இருக்கிறது.

“அம்மா, நீ சும்மா உக்காரு, நான் எடுத்துத் தர்றேன்.” “அத்தை, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க, நான் பாத்துக்கறேன்.” “அப்பா, கடைக்கெல்லாம் நீங்க போகாதீங்க, ஆன்லைன்ல போட்டுடறேன்.”

எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பெரியவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதை நோக்கியே அவர்களைத் தள்ளும் வேலையை இந்த அக்கறை செய்கிறது என்கிறது மருத்துவ அறிவியல். எப்படி? எவ்வளவு நடக்கணும்? நடந்தால் மட்டும் போதுமா? முட்டி வலி இருந்தால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

இது ஏன் இப்போது முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்புப்படி 2021-ல் இது 13.6 சதவீதம். இந்திய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும் என்கிறது அதே கணிப்பு.

அதாவது, பத்துப் பேரில் ஒருவர் என்று இருந்தது, இருபதே வருடத்தில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் என்று மாறப்போகிறது. இதே காலத்தில் குடும்பங்கள் சின்னதாகிவிட்டன. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஊரில் அம்மாவும் அப்பாவும் மட்டும். சில வீடுகளில் அம்மா மட்டும்.

இப்படி ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் நாற்காலியில் இருந்து தானாக எழுந்திருக்க முடியாமல் போனால், அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவரின் வேலை பாதிக்கும். பெரும்பாலும் அது மகளோ மருமகளோதான். கால் பலம் என்பது அந்தப் பெரியவரின் தனிப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

‘வாழ்க்கைத் தரம்’ என்றால் என்ன? அதை அளக்க முடியுமா?

சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று டாக்டர் பார்க்கிறார். ஆனால் ஒருவர் நன்றாக வாழ்கிறாரா என்பதை அந்த எண்கள் சொல்லாது. அதனால் 1990-களில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. உலகம் முழுக்க 15 மையங்களில் அதற்கான வேலை நடந்தது. அவற்றில் சென்னையும் ஒன்று.

அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகளாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, நன்றாகத் தூங்குகிறீர்களா, நண்பர்களின் ஆதரவு இருக்கிறதா, இருக்கும் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா, போக்குவரத்து வசதி எப்படி என்றெல்லாம் கேட்கிறார்கள்.

இந்த நான்கையும் கால் பலம் தொடுகிறது. நடக்க முடிந்தால் கடைக்குப் போகலாம். கடைக்குப் போனால் நாலு பேரிடம் பேசலாம். பேசிவிட்டு வந்தால் மனசு லேசாகும், ராத்திரி தூக்கமும் வரும். நடை நின்றால் இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வீட்டு வாசலே உலகத்தின் எல்லையாகிவிடும்.

உட்கார்ந்தே இருந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயதாகும்போது தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். மருத்துவத்தில் இதற்கு ‘சார்கோபீனியா’ என்று பெயர். தசை அளவு குறைவதைவிட வேகமாக அதன் பலம் குறைகிறது. குறிப்பாகத் தொடை, இடுப்புப் பகுதித் தசைகள். எழுந்திருக்கவும் படியேறவும் தடுமாறும்போது சமாளித்து நிற்கவும் இந்தத் தசைகள்தான் உதவுகின்றன.

வயதால் மெதுவாக நடக்கும் இந்த இழப்பை ஓய்வு பல மடங்கு வேகப்படுத்துகிறது. 2007-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சராசரி வயது 67. ஆரோக்கியமாக இருந்த 12 பேர். இவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு குறைந்துபோனது. இத்தனைக்கும் இவர்கள் நோயாளிகள் இல்லை.

காய்ச்சல் என்று பத்து நாள் படுத்த பெரியவர், காய்ச்சல் போன பிறகும் ஏன் பழையபடி எழுந்து நடக்க முடிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். “அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அப்பா ஒரே அடியா தளர்ந்துட்டார்” என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தளர்ச்சியில் பெரிய பங்கு படுக்கைக்கும் உண்டு.

ஓய்வு, ஓய்ந்துபோவது இரண்டுக்கும் தமிழில் வேர்ச்சொல் ஒன்றுதான். அளவாக எடுத்தால் ஓய்வு. அளவு மீறினால் உடம்பு ஓய்ந்துபோகிறது.

70, 80 வயதுக்கு மேல் தசை பலம் திரும்ப வருமா?

“இந்த வயசுல இனிமே என்ன?” என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு 1990-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேரை ஒரு ஆய்வுக்கு எடுத்தார்கள். மருத்துவர்களின் மேற்பார்வையில் எட்டு வாரம், தொடைத் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி. பயிற்சியை முடித்தவர்களின் தசை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இது. வெறும் பத்துப் பேர் என்பதால் அந்த எண் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘வயசாயிடுச்சு, இனி பலம் வராது’ என்ற நம்பிக்கை தவறு என்று சொல்ல அது போதும்.

அடுத்து ஒரு பெரிய ஆய்வு. 2014-ல் முடிவுகள் வெளியான இதில் 70 முதல் 89 வயது வரை 1,635 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருமே ஏற்கனவே கொஞ்சம் தளர்ந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு நடை, தசை பலம், உடல் சமநிலை மூன்றுக்கும் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்புகள் மட்டும். சராசரியாக இரண்டரை வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 400 மீட்டர் தூரத்தைத் தானாக நடந்து கடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள், வகுப்பு மட்டும் கேட்ட பிரிவில் 35.5 சதவீதம். பயிற்சி செய்த பிரிவில் 30.1 சதவீதம்.

பார்க்க வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 400 மீட்டர் என்பது நம் ஊரில் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இடையே, வீட்டுக்கும் ரேஷன் கடைக்கும் இடையே இருக்கும் தூரம். அதைத் தனியாகக் கடக்க முடிகிறதா இல்லையா என்பதுதான் ஒரு பெரியவரின் சுதந்திரம்.

எவ்வளவு செய்யணும்? நடந்தால் மட்டும் போதாதா?

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங்தான். டாக்டரும் “வாக்கிங் போங்க” என்று சீட்டில் எழுதித் தருகிறார். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று விஷயங்களைச் சொல்கிறது.

முதலாவது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வேகநடை, சைக்கிள், நீச்சல் எதுவானாலும் சரி. ‘மிதமான’ என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது.

இரண்டாவது, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி.

மூன்றாவது, வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி. தடுமாறி விழாமல் இருக்க உதவுவது இதுதான்.

நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் தாழ்வான நாற்காலியில் இருந்து எழுந்திருக்கும் பலத்தையும், ஈரத்தரையில் கால் வழுக்கும்போது சமாளிக்கும் திறனையும் நடை மட்டும் தந்துவிடாது. பத்து வருடமாகத் தினமும் வாக்கிங் போகிறவர்கூட தரையில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவிப்பதைப் பார்க்கலாம். விட்டுப்போனவை அந்த இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

இந்த அளவை எட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? எதுவுமே செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பத்து நிமிடத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டலாம்.

பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயமா?

இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும். அந்த விளம்பரத்தில் இருந்து பரவிய எண்தான் இன்று நம் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது.

2019-ல் அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடி வரை பலன் கூடியது. அதற்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள் அதிகம் நடப்பார்கள் என்பதால் முழுப் பெருமையையும் நடைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் ‘பத்தாயிரம் முடியல, அதனால போகவே இல்ல’ என்பதற்கு இனி அர்த்தம் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

கால் பலத்தை அளக்க மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் பயன்படுத்தும் ஒரு எளிய முறை இருக்கிறது.

கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெரியவர் அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொள்ளணும். 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கணும்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல்படி, 70 முதல் 74 வயதுள்ள ஆணுக்கு 12-க்குக் குறைவாகவும், அதே வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் குறைவாகவும் வந்தால் கீழே விழும் அபாயம் கூடுதல் என்று அர்த்தம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். எண் குறைந்தால் பதற்றப்பட வேண்டியதில்லை. எங்கிருந்து தொடங்கணும் என்று அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையே பயிற்சியும் கூட. காலையில் அஞ்சு முறை, சாயங்காலம் அஞ்சு முறை. கஷ்டமாக இருந்தால் உட்காரும் இடத்தில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழகப் பழகத் தலையணையை எடுத்துவிடலாம்.

அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது. அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்பது. ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியோடு ஒட்டிவைத்து, சுவர் ஓரமாகவே நேர்கோட்டில் நடப்பது. டீ கொதிக்கும் நேரத்தில் இதையெல்லாம் முடித்துவிடலாம்.

“முட்டி தேஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயாதா?”

இந்தப் பயம் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு உலக அளவில் பின்பற்றப்படும் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பதே உடற்பயிற்சியைத்தான். தொடையின் முன்பக்கத் தசை பலமாக இருந்தால் முட்டியின் மீது விழும் சுமையை அது பங்குபோட்டுக்கொள்ளும். வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தசை குறையும், எடை கூடும். இரண்டும் சேர்ந்து வலியை இன்னும் அதிகமாக்கும்.

பயிற்சியின்போது லேசாக வலித்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ, வலி மறுநாளும் குறையாமல் இருந்தாலோ அளவைக் குறைத்துவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது.

“கீழே விழுந்துட்டா யார் பாக்கறது?”

பிள்ளைகளின் பெரிய பயம் இது. பயம் நியாயமானதும்கூட. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள்.

ஆனால் விழாமல் இருக்க உட்காரவைப்பது தீர்வு இல்லை. ஒருமுறை தடுமாறிய பெரியவர் பயத்தில் நடையைக் குறைக்கிறார். நடை குறைந்ததும் கால் பலம் போகிறது. அதனால் அடுத்த முறை விழும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பது பயிற்சிதான். உலகம் முழுக்க நடந்த 108 ஆய்வுகளை, அதாவது 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2019-ல் ஒரு அலசல் வெளியானது. உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் கீழே விழும் விகிதம் 23 சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. சமநிலைப் பயிற்சிகளுக்கு இதில் முக்கியப் பங்கு இருந்தது.

கூடவே வீட்டையும் பார்க்கணும். பாத்ரூம் தரை ஈரமாக இருக்கக் கூடாது, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேணும். படுக்கையில் இருந்து பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியணும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போட்டுவிடலாம். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றல் வந்தால் டாக்டரிடம் சொல்லணும். கண்ணாடி பவர், கண்புரை இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

“நாள் பூரா வீட்டு வேலைதானே செய்யறேன்?”

பெண்கள் கேட்கும் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெருக்குவது, துடைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாமே உடல் உழைப்புதான். ஆனால் மிக்ஸி, வாஷிங் மெஷின் வந்த பிறகு வீட்டு வேலையின் தன்மை மாறிவிட்டது. நேரம் போகிறது, மூச்சு வாங்குவதில்லை.

2024-ல் லான்செட் இதழ் குழுமம் வெளியிட்ட ஆய்வுப்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடல் உழைப்பு செய்வதில்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். 60 வயதுக்குப் பிறகு இந்த நிலை இன்னும் மோசமாவது உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்விலும், ஓய்வு நேரத்தில் தனக்கென உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது.

இதற்கு நேர்எதிரான இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுபது வயதிலும் நடவு நடுகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், தலையில் கூடை சுமந்து மீன் விற்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இவர்களிடம் போய் “வாக்கிங் போங்க” என்று சொல்வதில் பொருள் இல்லை. பயிற்சியில் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. கூலி வேலையில் அப்படி இல்லை. வெயிலில், ஒரே நிலையில் குனிந்து, வலித்தாலும் நிறுத்த முடியாமல் செய்வது உடம்பைத் தேய்க்கும். இவர்களுக்குத் தேவை ஓய்வும் சத்தான சாப்பாடும் போதுமான முதியோர் உதவித்தொகையும்தான். உடல் உழைப்பு நல்லது என்ற ஒரே வரியை எல்லோருக்கும் நீட்டக் கூடாது.

கஞ்சி மட்டும் போதுமா?

“பல்லு இல்ல, ரெண்டு வாய் கஞ்சி போதும்” என்று ராத்திரிச் சாப்பாட்டை முடிப்பவர்கள் அதிகம். தசை வளரப் பயிற்சியோடு புரதமும் வேணும். வேகவைத்த பருப்பு, மசித்த சுண்டல், முட்டை, பால், தயிர், முள் நீக்கிய மீன் என எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளையும் கொஞ்சம் சேர்க்கலாம். சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யணும்.

யார் கவனமாக இருக்கணும்?

சமீபத்தில் மாரடைப்போ ஆபரேஷனோ எலும்பு முறிவோ ஏற்பட்டவர்கள் டாக்டர் அனுமதியோடுதான் தொடங்கணும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்சுலின் போடுபவர்களும் சில வகை சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப்பையிலோ முந்தானையிலோ ஒரு மிட்டாய் இருக்கட்டும். கோடையில் உச்சி வெயில் நேரத்தைத் தவிர்த்துவிடலாம்.

அரசு என்ன செய்கிறது? என்ன பாக்கி?

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. நாட்டிலேயே முதல்முறையாக முதியோர் மருத்துவப் பிரிவு 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதியும் இருக்கிறது. மாத்திரை வாங்கும் பலருக்கு அதில் பிசியோதெரபியும் உண்டு என்பதே தெரிவதில்லை. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கேட்கலாம்.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிமுகப்படுத்தியது. நல்ல திட்டம்தான். ஆனால் எழுபது வயதுப் பெண்ணின் தேவை 8 கிலோமீட்டர் பாதை இல்லை. அவர் வீட்டில் இருந்து முக்குக் கடை வரைக்கும் 300 மீட்டர். அந்த 300 மீட்டரில் நடைபாதை இருக்கிறதா? அதன் மேல் பைக் நிற்கிறதா, டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறதா? மழைநீர் வடிகால் மூடி உடைந்திருக்கிறதா? தெருநாய் பயம் இல்லாமல் போய் வர முடியுமா? நடுவில் உட்கார ஒரு பெஞ்ச் இருக்கிறதா? அவசரத்துக்கு ஒரு கழிப்பறை இருக்கிறதா?

பஸ்ஸும் இதில் சேரும். சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்கள். பெண்களுக்கு சாதாரணப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் இலவச பஸ் பாஸ் வைத்திருக்கும் முதியவர்கள், இல்லாதவர்களைவிட அடிக்கடி நடக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. வெளியே கிளம்ப ஒரு வழி இருந்தால் நடையும் தானாக நடந்துவிடுகிறது. ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தாலும், படி முட்டி உயரத்துக்கு இருந்தால் பெரியவர் ஏற முடியாது. தாழ்தளப் பேருந்துகள் எத்தனை வழித்தடங்களில் ஓடுகின்றன என்பது அதனால்தான் முதியோர் நலக் கேள்வியாகவும் ஆகிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், வேலையைப் பிடுங்காமல் இருக்கலாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேரப்பிள்ளையை வேன் வரைக்கும் கொண்டுபோய் விடுவது. மெதுவாகத்தான் நடக்கும். பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இரண்டாவது, “வாக்கிங் போங்க” என்று சொல்வதற்குப் பதில் “வாங்க, போயிட்டு வருவோம்” என்று சொல்லலாம். துணை இருந்தால்தான் பழக்கம் நிலைக்கும். வெளியூரில் இருப்பவர்கள் போனில் “சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு “இன்னைக்கு எத்தன தடவ எந்திரிச்சு உக்காந்தீங்க?” என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்து வீடு திரும்பும்போது, “எப்போதில் இருந்து எழுந்து நடக்கலாம்?” என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘ரெஸ்ட்’ என்பதற்குக் கெடு வேணும். இல்லையென்றால் பத்து நாள் ரெஸ்ட் பத்து மாதமாகும்.

‘கை கால் நல்லா இருக்கும்போதே போயிடணும்’ என்று பெரியவர்கள் கேட்பதில் முதல் பாதியைக் கொஞ்சம் நம்மால் நிறைவேற்றித் தர முடியும். அடுத்த முறை அம்மா டம்ளரை எடுக்க எழுந்தால், “உக்காரு, நான் எடுத்துத் தர்றேன்” என்று ஓடாமல், அவர் எழுந்து போய் எடுத்துவரும் வரை காத்திருக்கலாம்.